வாகனத்துக்கு ஒரு வாகனம்

நம் தேசத்துத் தெய்வங்களுக்கு வாகனப் பஞ்சம் கிடையாது. பிள்ளையாருக்கு மூஞ்சூறு, முருகனுக்கு மயில், பரமசிவனுக்கு ரிஷபம், மகாவிஷ்ணுவுக்குக் கருடன். உற்சவ காலங்களில் ஒரே சுவாமி நாளுக்கு ஒரு வாகனமாக மாற்றி மாற்றி எழுந்தருளுகிறார். ஆனால், மூஞ்சூறுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது என்றும், அதை மயிலின் முதுகில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோனார்கள் என்றும் எந்தப் புராணத்திலாவது படித்திருக்கிறீர்களா? நாம் படித்ததில்லை. தெய்வங்களுக்கே நேராத அந்தச் சங்கடம் சென்ற வருஷம் தை மாதத்தில் நமக்கு நேர்ந்தது. ஒரு சைக்கிளை மோட்டார் சைக்கிளின் மேல் ஏற்றிக்கொண்டு எட்டு கிலோமீட்டர் பிரயாணம் செய்தோம்.

வாசகர்களுக்கு நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயர். வயது நாற்பதைத் தாண்டி நாலு வருஷமாயிற்று. பெயருக்குப் பின்னால் சர்வகலாசாலை கொடுத்த எழுத்துக்கள் சில இருக்கின்றன. அவற்றால் என்ன பிரயோஜனம் என்பது இந்தக் கட்டுரையைக் கடைசி வரையில் படிப்பவர்களுக்குத் தெரியவரும். நம்மிடம் மோட்டார் சைக்கிள் ஒன்றும் உண்டு. இன்னொருவரிடம் ஆறு வருஷம் உழைத்துவிட்டு, பென்ஷன் வாங்கவேண்டிய பருவத்தில் நம்மிடம் வந்து சேர்ந்தது அது.

பன்னிரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே ஆறு நாள் தொடர்ந்து 'வரவில்லை' என்று விழுந்திருந்தது. அந்தப் பெண் எளிதில் லீவு எடுக்கிறவள் அல்ல. மழை பெய்தாலும் நனைந்துகொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நாம் கரும்பலகையில் செய்கிற கூட்டல் பிழைகளை மெதுவான குரலில் திருத்துகிறவள். ஆறு நாளாக நம் பிழைகள் திருத்துவாரில்லாமல் நின்றன. பொதுப் பரீட்சைக்கோ ஒன்றரை மாதந்தான் இருந்தது. அவளுடைய சிநேகிதியைக் கூப்பிட்டு விசாரித்தோம்.

"அவ சைக்கிள் உடைஞ்சு போச்சு, சார். அவங்க அப்பா படிச்சது போதும்னு சொல்லிட்டாராம். சித்தியோட திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பப் போறாங்களாம்."

'இதென்ன வேடிக்கை! ஒரு சைக்கிள் உடைந்ததற்காக ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிடுமா?' என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கக்கூடும். அவளுடைய ஊர், சங்கீத சாஸ்திரத்தைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கும் குடுமியான்மலைப் பக்கத்தில் ஓர் உள்கிராமம். அங்கேயிருந்து பள்ளிக்கூடம் எட்டு கிலோமீட்டர். பஸ் காலை ஆறரை மணிக்கு ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. இந்த இரண்டு பஸ்களுக்கும் நடுவே அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே துணை அவளுடைய சைக்கிள்தான். அதுவும் சர்க்கார் கொடுத்த சைக்கிள். 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிற்பாடு மற்ற மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. பீகார் மாகாணத்தில் இதே போன்ற திட்டம் 2006-இல் வந்தது. அதனால் விளைந்தது என்ன என்று கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து, 2017-இல் பிரசுரித்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 சதவிகிதம் கூடிற்றாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த வித்தியாசத்தில் 40 சதவிகிதம் குறைந்ததாம். பள்ளிக்கூடம் தூரமாயிருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம் என்பதும் அவர்கள் கண்டது. ஆகவே, சைக்கிள் வந்தால் படிப்பு வரும் என்பது நிரூபணமான விஷயம். சைக்கிள் உடைந்தால் படிப்பு போகும் என்பதற்கு நிபுணர் எதற்கு? நம் வருகைப் பதிவேடே போதாதா?

சனிக்கிழமை காலையில் புறப்பட்டுப் போனோம். வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் சைக்கிள் சாய்ந்திருந்தது. பின்சக்கரம் தமிழ் எண்ணிலும் சேராமல் ஆங்கில எண்ணிலும் சேராமல், ஏறக்குறைய எட்டு மாதிரி வளைந்திருந்தது. தகப்பனார் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மோர் வந்தது. நாம் சக்கரத்தையே பார்ப்பதைக் கண்டு, அவராகவே பேச்சை ஆரம்பித்தார்.

"நெல்லு மூட்டையைக் கேரியர்ல வச்சு மில்லுக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன், சார். மேட்டுல இருந்து இறங்கறப்போ டக்குனு ஒரு சத்தம். அம்புட்டுத்தான்."

இதைச் சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை; மகள் நின்ற பக்கமும் திரும்பவில்லை. ரிப்பேருக்குச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிப் போய்வரலாம் என்றால், போகவர எண்ணூறு ரூபாய் கேட்கிறார்களாம். நெல் போட்ட பணம் இன்னும் கைக்கு வரவில்லையாம். அதற்குள் மைத்துனி திருப்பூரிலிருந்து வந்து, அங்கே மாதச் சம்பளம் இன்ன தொகை என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

நாம் உடனே ஒரு தவறு செய்தோம். "பணத்துக்கென்ன, நாம் கொடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டோம். மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"வாத்தியார்கிட்டக் கை நீட்டற அளவுக்கு நான் இன்னும் போகலை, சார்."

காரியம் கெட்டது என்று நினைத்தோம். அந்தச் சமயத்தில் திண்ணையிலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று. பெண்ணின் அப்பத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்துப் பேசினாள்.

"அறிவொளியில நான் சைக்கிள் பழகினப்போ உங்கப்பன் என்னடா சொன்னாரு? ஊரு சிரிக்கும்னாரு. ஊரு சிரிக்கத்தான் சிரிச்சுச்சு. நான் ஓட்டத்தான் ஓட்டினேன். உன்னைக் குறுக்குக் கம்பியில உட்கார வச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது எந்த வண்டியாம்? நான் ஓட்டின சீமையில என் பேத்தி வண்டியில்லாம குந்தியிருக்கணுமா?"

கிழவி சொன்னது சரித்திரம். 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் ஆரம்பமான போது, எழுத்தறிவோடு சைக்கிள் சவாரியையும் ஒரு பாடமாகச் சேர்த்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டராயிருந்து அதற்கு ஊக்கம் அளித்தார். வயல் வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பெண்களுக்கான சைக்கிள் வேண்டிய மட்டும் கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். நமக்கு அப்போது பத்து வயது. நம் தெருவில் வாடகை சைக்கிள் கடைக்காரர், பையன்களுக்கு இல்லையென்று சொல்லிவிட்டுப் பெண்களுக்கு வண்டி கொடுத்ததும், நாம் அந்த அநியாயத்தைக் கண்டு அழுததும் இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன. அந்தப் பெண்களில் ஒருத்தி இப்போது திண்ணையில் உட்கார்ந்து நம் வழக்கை வாதாடிக்கொண்டிருந்தாள்!

தகப்பனார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ரிப்பேர்க் காசு என்னோடது. வண்டியை எப்படிக் கொண்டு போறது, அதைச் சொல்லுங்க" என்றார்.

"நம் மோட்டார் சைக்கிளில்" என்றோம்.

"அது நிக்காது, சார்" என்றாள் பெண் மெதுவான குரலில். ஆறு நாளுக்குப் பிறகு நம்முடைய முதல் பிழை திருத்தப்பட்டது.

வேப்பமரத்தடியில் இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்தினோம். உண்மையில் இரண்டும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஏறக்குறையச் சமமான இரண்டு சக்கரமும், பின்சக்கரத்துக்குச் சங்கிலியுமாக இன்றைய சைக்கிளுக்கு வழிகாட்டிய 'ரோவர்' வண்டியை இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி வெளியிட்டது 1885-இல். அதே 1885-இல் ஜெர்மனியில் காட்லீப் டெய்ம்லர், மேபாக் என்பவரோடு சேர்ந்து, மரச் சட்டத்தில் பெட்ரோல் யந்திரத்தைப் பூட்டி முதல் மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காண்பித்தார். பிற்காலத்தில் சைக்கிள் செய்தவர்களே மோட்டார் சைக்கிளும் செய்தார்கள். இங்கிலாந்தில் என்பீல்டு கம்பெனி சைக்கிளில் தொடங்கி, 1901-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. 1955-இல் அதன் வண்டி சென்னையில் தயாராகத் தொடங்கியது. ஆகவே ஒன்றை இன்னொன்று சுமப்பது, அண்ணன் தம்பியைத் தூக்குவது போலத்தானே என்று நமக்கு நாமே தைரியம் சொல்லிக்கொண்டோம்.

முதலில் சைக்கிளைப் பின் ஆசனத்தின் மேல் குறுக்கே கிடத்தி, கயிற்றாலும் பழைய டியூபாலும் இறுக்கிக் கட்டினோம். பத்து கெஜம் போவதற்குள் ஒரு பக்கம் தாழ்ந்து, மறு பக்கம் வேலியைப் பிடித்துக்கொண்டது. வேலியிலிருந்து விடுவித்து இன்னும் பின்னால் தள்ளிக் கட்டினோம். இப்போது பாரம் பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் போய்விட்டது. அச்சு நெம்புகோலின் ஆதாரம் ஆயிற்று. பின்னால் இருபது கிலோ அழுத்த, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்த்தது. நெம்புகோல் தத்துவத்தை இருபது வருஷமாகக் கற்பித்துவருகிறோம். அது நமக்கே ஒரு நாள் கற்பிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் தகப்பனாரே வழி சொன்னார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நம் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஆண்கள் சைக்கிளாயிருந்தால் குறுக்குக் கம்பியைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். இது பெண்கள் சைக்கிள். குறுக்குக் கம்பி கிடையாது. சாய்ந்த குழாய் இரண்டுக்கும் நடுவே கையை நுழைத்து, சைக்கிளைத் தம் இடது பக்கத்தில் தூக்கி அணைத்துக்கொண்டார். "போங்க சார்" என்றார். போனோம்.

அந்தப் பிரயாணத்தை எப்படி வர்ணிப்பது? சைக்கிளின் ஒரு பெடல் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நம் விலாவில் குத்திக் குசலம் விசாரித்தது. இடது பக்கத்துப் பாரத்துக்கு ஈடாக நாம் வலது பக்கம் சாய்ந்தோம். அந்தச் சாய்வைப் பார்த்து எதிரே வந்தவர்கள், வாத்தியார் காலையிலேயே ஏதோ சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்திருக்கக்கூடும். வேகத்தைக் கூட்டினால் காற்று பிடித்துத் தள்ளிற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும் என்பது பௌதிகம். ஆகவே ஆட்டுமந்தையின் வேகத்துக்குச் சற்று மேலே போனோம். ஒரு லாரி தாண்டிப் போன போது இரண்டு வண்டிகளும் இரண்டு மனிதர்களும் சேர்ந்து ஒரு முறை ஆடி நின்றோம். அந்தக் கணத்தில் நம்முடைய வீரம் முழுவதும் வற்றிவிட்டது.

புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி இறங்கினோம். அவர் சைக்கிளைக் கீழே வைத்தார். குழாய் அழுந்திய இடத்தில் முன்கையிலே சிவப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது.

"வலிக்கிறதா?"

"நெல்லு மூட்டைக்கு இது ஒரு கனமா, சார்?" என்று சொல்லி, கையைத் துண்டால் மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "மூட்டையை வைக்கறப்பவே வேண்டாம்னு சொன்னுச்சு. நான்தான் கேக்கலை" என்றார். யார் சொன்னது என்று நாம் கேட்கவில்லை.

பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் தனி ஆளாயிருந்தாலும் 'நாம்' என்று போட்டுக்கொள்வது வழக்கம். சைக்கிளை 'நாம்' சுமந்துகொண்டு போனதாக மேலே எழுதியிருக்கிறோம். அந்தப் புளியமரத்தடியில்தான் அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிந்தது. ஓட்டியது நாம், சுமந்தது அவர்.

கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். சைக்கிளை ஒரு முறையும், துண்டு கட்டிய தலையை ஒரு முறையும், நம்மை இரண்டு முறையும் பார்த்தார். "வாத்தியாரே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் அணியவேண்டும். வண்டியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பாரம் ஏற்றினால் இருபதாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் வருஷத்துத் திருத்தம் சொல்லுகிறது. நம் இரண்டு வண்டிகளையும் சேர்த்து விற்றாலும் அந்தத் தொகை வருமா என்பது சந்தேகம். விஷயத்தைச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, "இறங்கி நடந்து போங்க. இனிமே இந்த வேலை வச்சுக்காதீங்க" என்று விட்டுவிட்டார்.

ஆகவே கடைத்தெரு ஜனங்கள் அன்று ஓர் அபூர்வக் காட்சியைக் கண்டார்கள். இரண்டு மனிதர்கள், இரண்டு வாகனங்கள், இருவரும் நடை! கழுதையைத் தோளில் சுமந்த தகப்பனும் பிள்ளையும் கதையில்தான் உண்டு என்று நினைத்தவர்கள், கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

சைக்கிள் கடைக்கார முதியவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின் ஆக்ஸில் முறிந்திருந்தது, ஸ்போக்குகள் பதினொன்று போயிருந்தன, ரிம் கோணல். பிறகு நம் சட்டையில் விலாப் பக்கத்திலிருந்த கிரீஸ் கறையைப் பார்த்தார்.

"இதுக்கா முழு வண்டியையும் சுமந்துக்கிட்டு வந்தீங்க? ரெண்டு நட்டுதானே! கழட்டிப் பின்சக்கரத்தை மட்டும் சாக்குல போட்டு எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமே!"

நாம் தகப்பனாரைப் பார்த்தோம். அவர் நம்மைப் பார்த்தார். நெம்புகோல், காற்றின் எதிர்ப்பு, 1885-ஆம் வருஷம் எல்லாம் நமக்கு ஞாபகம் வந்தன. இரண்டு நட்டு மட்டும் வரவில்லை. சர்வகலாசாலைப் பட்டத்தின் பிரயோஜனம் தெரியவரும் என்று சொன்னோம் அல்லவா? தெரிந்துவிட்டது. முதலில் சிரித்தவர் அவர்தான். ஆறு நாளாகச் சிரிக்காத மனிதர் போலச் சிரித்தார்.

வேலை முடிய மத்தியானம் ஆயிற்று. கூலியும் சாமானுமாக நானூற்று இருபது ரூபாய். அவர் இடுப்பிலிருந்து நோட்டுக்களை எடுத்து எண்ணிக் கொடுத்தார். நாம் கடைத்தெருவின் எதிர்ப்பக்கத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கடைக்காரரிடம் சொன்னார்:

"அந்தக் கேரியரைக் கழட்டிருங்க."

"நல்லாத்தானே இருக்கு? எதுக்குக் கழட்டணும்?"

"கழட்டிருங்க" என்றார் மறுபடியும். அவ்வளவுதான் சொன்னார்.

திரும்பும்போது சைக்கிளைச் சுமக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கழற்றிய கேரியரை முன்னால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவரே மிதித்துப் போனார். ஊர் எல்லை வரையில் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

சர்க்கார் சைக்கிள் கொடுத்தது பெரிய காரியம். ஆனால் கொடுத்த நாளோடு காரியம் முடிந்துவிடுகிறதா? ஓர் ஆக்ஸில் முறிந்தால் மாற்ற, பதினொரு ஸ்போக்கைக் கட்ட, பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்பானரும் ஒரு பம்பும், மாதம் ஒரு நாள் வந்துபோக ஒரு ரிப்பேர்க்காரரும் இருந்தால் போதும். எத்தனை வருகைப் பதிவேடுகளில் எத்தனை கட்டங்கள் நிரம்பும்! நம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் சேர்ந்து ஸ்பானரும் பம்பும் வாங்கி வைத்தோம். நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுப்பது எப்படி என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பௌதிக வகுப்பிலேயே காண்பித்தோம். வாசகர்களில் யாராவது சைக்கிளை மோட்டார் சைக்கிளில் ஏற்ற உத்தேசித்திருந்தால், தயவு செய்து ஏற்றவேண்டாம். விலாவுக்கும் கெடுதல், உயிருக்கும் ஆபத்து. முதலில் அந்த இரண்டு நட்டுக்களைப் பாருங்கள்.

திங்கட்கிழமை காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் அந்தப் பெண் வந்துவிட்டாள். முதுகில் பெரிய புத்தகப் பை தொங்கிற்று. முகத்தில் வேர்வை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. நேரே நம்மிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாளாக்கும் என்று நினைத்து, அதற்கு அடக்கமாக ஒரு பதிலும் தயார் செய்துகொண்டோம்.

"சார், எங்கப்பா கேரியரைக் கழட்டிட்டாரு. நான் பையை எங்கே வைக்கறது? நீங்க கூடத்தானே இருந்தீங்க, சொல்லக் கூடாதா?" என்றாள்.

இந்தப் பிழையையும் குறித்துக்கொண்டோம்.